புயலும் வெள்ளமும் கமக்காரரும்



நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் ஆண்டுதோறும் வானத்தை நோக்கியே தம் தொழிலைத் தொடங்குகின்றனர். மழை வேண்டும், அது அளவோடு வேண்டும். காற்று வேண்டும், அது மென்மையாக வேண்டும். இவ்விரண்டும் அளவு மீறுமிடத்து, ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவிலேயே அழிந்துவிடுகின்றது. அவ்வாறு அழியும்போது விதியை நொந்து அமைந்துவிடுவது நம்மிடையே வழக்கமாக உள்ளது.

புயலைத் தடுக்க எவராலும் இயலாது என்பது உண்மையே. எனினும், புயல் பெரும்பாலும் எம்மாதங்களில் வருகின்றது, வந்தால் எப்பருவப் பயிரை எவ்வகையிற் கெடுக்கின்றது, கெட்டபின் எதனை மீட்கலாம் என்பன நன்கு அறியப்பட்டுள்ளன. இவற்றை அறிந்த கமக்காரர் ஒரு போகத்தை இழந்தாலும் அடுத்த போகத்தை இழப்பதில்லை. அதற்கு வேண்டிய அறிவை எளிய முறையிற் கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும். பாடசாலை செல்லும் உங்கள் பிள்ளைகளையும் அருகில் இருத்தி இதனை வாசியுங்கள். புயற்காலத்தில் அவர்களும் உங்களுக்குத் துணையாவர்.

அனர்த்தம் என்பது யாது?

ஆளில்லாத நடுக்கடலில் தோன்றி அங்கேயே அடங்கிவிடும் புயலை எவரும் அனர்த்தம் என்று கூறுவதில்லை. காட்டினிடையே கரைபுரண்டு ஓடும் ஆற்றையும் அவ்வாறு கூறுவதில்லை. அப்புயலும் அவ்வெள்ளமும் மக்களையும், மாடுகளையும், பயிரையும், களஞ்சியத்தையும் தாக்கும்போதே அனர்த்தமாகின்றன. ஆதலால் அனர்த்தத்திற்குக் காரணம் இரண்டாகும். ஒன்று இயற்கையின் செயல். மற்றையது, அச்செயல் வரும் வழியில் நாம் எவ்வாறு அமைந்திருக்கின்றோம் என்பது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதிற் பெரும்பகுதி நம் கையிலேயே உள்ளது.

புயல் உண்டாகும் விதம்

நமக்குக் கிழக்கே பரந்து கிடப்பது வங்காள விரிகுடா. அதன் மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடையும்போது, பெருமளவு நீராவி எழுந்து காற்றுடன் கலக்கின்றது. வெம்மையான ஈரக்காற்று மேலெழுந்து, உயரே சென்று குளிர்ந்து முகிலாகின்றது. நீராவி நீராக மாறும்போது அதனுள் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் சூழவுள்ள காற்றை மேலும் உயர்த்துகின்றது. இவ்வாறு காற்று மேலே செல்லச் செல்லக் கீழே கடற்பரப்பில் அமுக்கம் குறைகின்றது. இதனையே தாழமுக்கம் என்று வானொலியிற் கேட்கின்றீர்கள்.

அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று விரைந்து வரும். பூமி தன்னைத்தானே சுற்றுவதனால் அக்காற்று நேரே வராது வளைந்து சுழலும். நம் பக்கமாகிய வட அரைக்கோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. இச்சுழற்சி வலுத்தபோது புயல், சூறாவளி என்னும் பெயர்களைப் பெறுகின்றது. கடல்நீரின் வெப்பமே இதற்கு உணவு. ஆகவே தரையை அடைந்ததும் உணவு குறைந்து புயல் மெலிகின்றது. ஆனால் மெலியுமுன்னரே கரையோரத்தையும் அதனையடுத்த வயல்களையும் கலக்கிவிடுகின்றது.

சுழலின் நடுவிற் காற்று அடங்கிய ஓரிடம் உண்டு. அதனைப் புயலின் கண் என்பர். கண் உங்கள் கிராமத்திற்கு மேலாகச் செல்லுமிடத்து, கடுங்காற்றுத் திடீரென நின்று அமைதி உண்டாகும். புயல் முடிந்தது என்று எண்ணி அப்பொழுது வெளியே சென்று மாட்டையோ கூரையையோ பார்க்க முற்படுதல் பேராபத்து. சிறிது நேரத்தின்பின் எதிர்ப்புறத்திலிருந்து அதே வேகத்துடன் காற்று மீண்டும் அடிக்கும்.

புயலுக்கும் மாதம் உண்டு

ஒக்டோபர் முதல் டிசெம்பர் முடியவுள்ள காலத்தில் வங்காள விரிகுடாவில் உண்டாகும் தாழமுக்கங்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கியும் வடமேற்கு நோக்கியும் நகர்கின்றன. ஆதலால் அவற்றிற் சில நம் கிழக்குக் கரையையும் வடக்குக் கரையையும் தாக்குகின்றன. கடந்தகால நிகழ்ச்சிகளை நோக்குங்கள்.

1964 டிசெம்பர் 22, 23ஆம் திகதிகளில் வீசிய புயல் நம் நாட்டின் வடபகுதியைக் கடந்து சென்று, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தனுஷ்கோடியைக் கடலோடு சேர்த்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறக்குறைய 900 பேர் மாண்டனர். தென்னந்தோட்டங்கள் நிலத்தில் வீழ்ந்து கிடந்தன. 2000 டிசெம்பர் 26ஆம் திகதி திருகோணமலைப் பகுதியிலும், 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலும் புயல்கள் கரையேறின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டின் பெரும்பகுதியை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தி, 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

இத்திகதிகள் யாவும் நவம்பர் பிற்பகுதிக்கும் டிசெம்பர் முடிவுக்கும் இடைப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். அக்காலத்திலேயே பெரும்போக நெல் வயலில் நிற்கின்றது. ஆண்டுதோறும் புயல் வரும் என்பது இதன் பொருளன்று. வருமானால் பெரும்பாலும் இக்கிழமைகளிலேயே வரும் என்பதே பொருள். தென்மேற்குப் பகுதியிலுள்ளோர் மே மாதத்தையும் இவ்வாறே மனத்திற் கொள்ளல் வேண்டும். 2003, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அங்கு மே மாதத்திலேயே பெருவெள்ளமும் மண்சரிவும் நேர்ந்தன.

காற்றின் கேடும் நீரின் கேடும்

காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. மணிக்கு 40 மைல் வேகத்தில் அசைந்து நின்ற வாழை, 80 மைல் வேகத்தில் முறிந்து விழுவது இதனாலேயாகும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிற் காற்றே பெருங்கேடு செய்தது. ஆனால் 2025ஆம் ஆண்டு வந்த புயலிற் காற்று அத்துணை வலியதன்று. மழையே பெருங்கேடு செய்தது. ஆகவே "காற்றுக் குறைவு" என்ற செய்தியைக் கேட்டவுடன் கவலையின்றி இருந்துவிடலாகாது. எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படுகின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மழையின் பாரத்தைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 அங்குல மழை பெய்தால், அந்நிலத்தில் விழும் நீரின் நிறை ஏறக்குறைய 100 தொன் ஆகும். ஒரே நாளில் 6 அங்குலம், அதாவது 150 மில்லிமீற்றர் பெய்தால், ஏக்கர் ஒன்றுக்கு 600 தொன்னுக்கு மேற்பட்ட நீர் சேர்கின்றது. காடு உள்ள நிலம் இதில் ஒரு பகுதியை உறிஞ்சி, மிகுதியை மெல்ல விடுகின்றது. வெட்டவெளியான நிலமோ நீர் முழுவதையும் ஒரேயடியாகக் கீழே அனுப்புகின்றது. அந்நீர் செல்ல வேண்டிய வாய்க்கால் சல்வீனியாவினாலும் குப்பையினாலும் அடைபட்டிருந்தால், அல்லது எவரேனும் அதனை ஒடுக்கி வயலோடு சேர்த்திருந்தால், நீர் வயலிலேயே தங்கும். மழை இயற்கை, வாய்க்காலின் அடைப்பு நமது செயல். அனர்த்தத்திற்குக் காரணம் இரண்டு என்று முன்னர்க் கூறியது இதனையே.

குளக்கட்டைக் காத்தல்

குளத்தின் கீழ்ப் பயிர் செய்வோருக்கு வெள்ளத்தினும் பெரிய ஆபத்து, குளக்கட்டு உடைதலாகும். 1957 டிசெம்பர் பெருமழையில் உலர்வலயத்தின் குளங்கள் பல உடைப்பெடுத்தன. 1986 ஏப்பிரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அஃது ஏப்பிரல் மாதம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கட்டிலே குறை இருப்பின் அது புயற்காலத்திற்காகக் காத்திருப்பதில்லை.

எலி வளை, கறையான் புற்று, கட்டில் வளர்ந்த மரத்தின் உக்கிய வேர் ஆகியன நீருக்கு வழிகாட்டிகளாகும். முதலிற் கட்டின் கீழ்ப்புறத்திற் சிறு கசிவு தோன்றும். தெளிந்த நீராகக் கசிந்தால் அதனைக் கண்காணித்து அறிவித்தல் வேண்டும். கலங்கிய நீராகக் கசிந்தால், கட்டின் உள்ளிருந்து மண் கரைந்து வருகின்றது என்று அறிக. அப்பொழுது ஒரு மணி நேரமும் தாமதியாது நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கும் குளத்தின் கீழ் வாழ்வோருக்கும் அறிவித்தல் வேண்டும். மேலும், தம் வயலுக்கு நீர் மிகுதியாக வேண்டி வானின்மேல் மண்மூடையோ பலகையோ வைத்து உயர்த்துவோர், தமக்கும் அயலாருக்கும் ஒருங்கே கேடு தேடுகின்றனர். வான் என்பது குளம் மூச்சுவிடும் வழி. அதனை அடைத்தல் ஒருபோதும் ஆகாது.

நெற்பயிருக்கு நேர்வது யாது?

நெல் நீரில் வாழும் பயிர். ஆயின், அதன் இலைகளின் நுனியாவது வெளியே இருத்தல் வேண்டும். முழுவதும் மூழ்கிய பயிருக்குக் காற்றும் ஒளியும் கிடைப்பதில்லை. தன்னிடம் சேர்ந்துள்ள உணவைச் செலவிட்டுச் சில நாள் உயிர் வாழ்கின்றது, பின்னர் அழுகுகின்றது. தெளிந்த நீரில் மூழ்கிய பயிர் சில நாள் கூடுதலாகத் தாங்கும். கலங்கிய நீரில் ஒளி புகாமையால் விரைவில் அழியும்.

பயிரின் பருவத்தைப் பொறுத்தே சேதம் அமைகின்றது. முளைத்து இரு கிழமை ஆகாத நாற்று எளிதில் மூழ்கி அழியும். மட்டம் வெடித்து உயர்ந்த பயிர் சில நாள் வெள்ளத்தைத் தாங்கி மீண்டும் தளிர்க்கும். குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பெருமழையும் காற்றும் நேர்ந்தால், மகரந்தம் கழுவப்பட்டுப் பதர் மிகும். முற்றிய கதிர் சாய்ந்து நீரிற் கிடந்தால், கதிரிலேயே நெல் முளைகொள்ளும்.

ஆகவே விதைக்கும் நாளைக் கணக்கிட்டு விதைத்தல் பெரும் பாதுகாப்பாகும். கணக்கு எளிது. நெல் பெரும்பாலும் அறுவடைக்கு 30 நாள் முன்னர்ப் பூக்கின்றது. மூன்றரை மாத இனமொன்றை ஒக்டோபர் 15ஆம் திகதி விதைத்தால், டிசெம்பர் 29 அளவிற் பூத்து, ஜனவரி 28 அளவில் அறுவடைக்கு வரும். நவம்பர் 23ஆம் திகதி அப்பயிருக்கு வயது 39 நாள். மட்டம் வெடித்து வேரூன்றி நிற்கும். அதே இனத்தை நவம்பர் 10ஆம் திகதி விதைத்தவரின் பயிருக்கோ அன்று வயது 13 நாள் மாத்திரமே. ஒரே வெள்ளம் இருவர் வயலிலும் புகுந்தாலும், முன்னவர் பயிர் பிழைக்கலாம். பின்னவர் பயிர் பிழைப்பது அரிது. முதல் மழையோடு நிலத்தைப் பண்படுத்திக் காலத்தில் விதைத்தலின் பயன் இதுவேயாகும். குளத்து நீர் போதுமான இடங்களில் நான்கு மாத இனத்தை ஒக்டோபர் நடுவில் விதைப்போர், பூக்கும் பருவத்தை ஜனவரி நடுவுக்குத் தள்ளிக்கொள்ளலாம். பள்ளக் காணிக்கும் மேட்டுக் காணிக்கும் ஒரே வயது இனத்தையே விதையாது இரு வயதுகளில் விதைத்தால், ஒரே நாளிற் பயிர் முழுவதும் அழிதல் நேராது.

மரக்கறிப் பயிருக்கு நேர்வது யாது?

மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காயம் முதலியவற்றின் வேர்களுக்கு மண்ணிடையே காற்று வேண்டும். நிலத்தில் நீர் தேங்கினால் அக்காற்று வெளியேறிவிடுகின்றது. மூச்சற்ற வேர் நீரை உறிஞ்சும் வலிமையை இழக்கின்றது. இதனாலேயே வெள்ளம் வடிந்து வெயில் எறித்தவுடன், நீரிலே நின்ற மிளகாய்ச் செடி நீரின்றி வாடியதுபோல் தலை சாய்கின்றது. அதனைக் கண்டு சிலர் மேலும் நீர் இறைக்கின்றனர். இது பெருந்தவறு. அச்செடிக்கு வேண்டியது நீரன்று, காற்று. வடிகாலைத் திறந்து, மண் சிறிது உலர்ந்தபின் மேல்மண்ணை மெல்லக் கிளறிவிடுதல் வேண்டும்.

மாரியில் மரக்கறி செய்வோர் பாத்தியை ஓர் அடியளவு உயர்த்தி, பாத்திகளிடையே வடிகால் வெட்டி, அவ்வடிகால்களைப் பெரிய வாய்க்காலொன்றிற் சேர்த்தல் வேண்டும். போக்கிடமில்லாத வடிகால் நீர் தேங்கும் குழியேயாகும். நாற்றுமேடையைத் தோட்டத்தின் மிக உயர்ந்த இடத்தில் அமைத்து, மழைக்கு மூடக்கூடிய தட்டியும் ஆயத்தமாக வைத்திருங்கள். வேலியோரத்திற் பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றை நெருக்கமாக நட்டால் காற்றின் வேகம் குறையும். பசளைக்குக் குழையும் கிடைக்கும்.

கடல்நீர் புகுந்த நிலம்

கரையோர வயல்களுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. புயற்காற்று கடலைக் கரைமேல் தள்ளும்போது உவர்நீர் வயலிற் புகும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலைக்குக் காரணம் புயலன்று; சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம். ஆயினும் நிலத்திற்கு நேர்ந்த கேடு ஒன்றே. உப்பு மிகுந்த மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதனை இழுக்க இயலாது. இலை நுனி வெளிறிக் காய்ந்து பயிர் மடியும்.

உப்பை நீக்கும் மருந்து நன்னீரேயாகும். வரம்பைச் செப்பனிட்டு, மழைநீரையோ குளத்து நீரையோ வயலில் நிறுத்தி, பின்னர் வெளியே வடியவிடுங்கள். இவ்வாறு பலமுறை செய்தல் வேண்டும். கழுவாது காயவிட்டால், வெயிலில் உப்பு மேலேறி வெள்ளையாகப் படியும். அடுத்த போகத்தில் உவர் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற இனத்தை விதைக்கலாம். கிணறுகளைக் குறித்து ஓர் எச்சரிக்கை: உவர்நீர் புகுந்த கிணற்றை இயந்திரத்தால் மீண்டும் மீண்டும் வற்றும்வரை இறைக்காதீர்கள். நிலத்தடியில் மேலே நிற்கும் நன்னீரை அகற்றினால், கீழுள்ள உவர்நீர் மேலேறும். மழையே அக்கிணற்றை மெல்லத் திருத்தும்.

மலைநாட்டுத் தோட்டக்காரருக்கு

சரிவில் மரக்கறி செய்வோருக்கு வெள்ளத்தைவிட மண்சரிவே அஞ்சத்தக்கது. நீர் நிறைந்த மண் பாரமாகின்றது. மண்துகள்களின் பிடிப்புத் தளர்கின்றது. சரிவின் அடியை வெட்டி வீடோ வீதியோ அமைத்த இடத்தில், அதனைத் தாங்க ஒன்றும் இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2016 மே மாதம் அரநாயக்கவிலும் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது.

நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், கதவு நிலை திருகிக் கதவு மூடாமை, ஊற்றுத் திடீரெனத் தோன்றுதல் அல்லது கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியன முன்னறிகுறிகளாகும். மழைமானியொன்றைக் கிராமத்தில் வைத்து அளவிடுங்கள். பிள்ளைகளே இதனைச் செய்யலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருங்கள்; 100 கடந்தால் புறப்பட ஆயத்தமாகுங்கள்; 150 கடந்தால் வெளியேறுங்கள். முன்னறிகுறி தோன்றினால் அளவுக்காகக் காத்திராமல் உடனே வெளியேறுங்கள். தோட்டத்தில் கோவாவும் கரட்டும் நிற்கின்றனவே என்று தங்கியிருத்தல் தகாது.

செய்ய வேண்டியவை

புயற்காலத்திற்கு முன்னர்:

1. செப்டெம்பர் மாதத்திலேயே வாய்க்காலையும் வடிகாலையும் அயலாரோடு சேர்ந்து துப்புரவு செய்யுங்கள். ஒருவர் மாத்திரம் வெட்டிய வடிகால், வெள்ளத்தை அடுத்தவர் வயலுக்கு அனுப்பும்.

2. அடுத்த சிறுபோகத்திற்கும், இப்போகம் அழிந்தால் மீண்டும் விதைப்பதற்கும் வேண்டிய விதைநெல்லைத் தனியே ஒதுக்குங்கள். நன்கு காய்ந்த நெல்லைப் பல்லிற் கடித்தால் ஓசையுடன் முறியும். ஈரப்பதன் 13 வீதத்தைத் தாண்டலாகாது. தடித்த பொலித்தீன் பையிற் கட்டி, வீட்டின் உயர்ந்த பரணில் ஒரு பகுதியையும் மேட்டுநிலத்து உறவினர் வீட்டில் ஒரு பகுதியையும் வையுங்கள். விதை முழுவதையும் ஒரே கொம்பறையில் வைத்தவர், கொம்பறையோடு அடுத்த போகத்தையும் இழப்பார்.

3. காணிப் பத்திரம், அடையாள அட்டை, காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றையும் அவ்வாறே நனையாது கட்டி வையுங்கள். கமத்தொழில், கமநல காப்புறுதிச் சபையிற் பயிரைக் காப்புறுதி செய்வோர் போகத் தொடக்கத்திலேயே செய்தல் வேண்டும்.

எச்சரிக்கை கிடைத்தபின்:

4. பசளையிடுதலையும் மருந்து தெளித்தலையும் நிறுத்துங்கள். மழை அவற்றைக் கழுவிச் செல்லும்.

5. முற்றிய நெல்லையும், விற்கத்தக்க மரக்கறியையும், முதிர்ந்த வாழைக்குலையையும் உடனே வெட்டுங்கள். இளவாழையின் இலைகளிற் சிலவற்றை அறுத்துவிட்டால் காற்றின் பிடி குறையும்.

6. மாடுகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் செல்லுங்கள். கொண்டுசெல்ல இயலாவிடின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டி நின்ற மாடே வெள்ளத்தில் மூழ்கும். அவிழ்த்துவிட்ட மாடு பெரும்பாலும் கரையேறும்.

7. இரவில் குளக்கட்டையோ வயலையோ பார்க்கத் தனியே செல்லாதீர்கள். ஆபத்து நேர்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.

வெள்ளம் வடிந்தபின்:

8. நெற்பயிரின் இலைகளிற் படிந்த சேற்றைத் தெளிந்த நீரால் கழுவிவிடுங்கள். பயிரைப் பிடுங்கி உழுவதற்கு அவசரப்படாதீர்கள். சில நாள் பொறுத்து அடிக்குருத்தைப் பிளந்து பாருங்கள். குருத்து வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பின் பயிர் உயிரோடுள்ளது. மண்ணிறமாகக் குழைந்திருப்பின் அது மடிந்தது.

9. புதிய இலை தோன்றுமுன் யூரியா இடாதீர்கள். காற்றிற் கிழிந்த இலைகளின் வழியே பக்ரீரியா இலை வெளிறல் நோய் புகும். மிகுந்த யூரியா அதனை வளர்க்கும். படைப்புழுவும் இக்காலத்தில் தோன்றக்கூடும். நாள்தோறும் வயலைச் சுற்றிப் பாருங்கள்.

10. இடையிடையே அழிந்த இடங்களில், செழித்த பயிரின் மட்டங்களைப் பிரித்து நடுங்கள். வயல் முழுவதும் அழிந்தால், எஞ்சிய மழைக்காலத்தைக் கணக்கிட்டு, இரண்டரை மாதத்தில் விளையும் பி.ஜி. 250 போன்ற குறுகிய வயது இனத்தை விதையுங்கள். நனைந்த விதையாயின் முதலிற் சோதியுங்கள். ஈரத்துணியில் 100 நெல்மணிகளை முளைக்க வைத்தால், 85 ஆவது முளைத்தல் வேண்டும்.

11. முறிந்த கத்தரியைப் பிடுங்கி எறியாதீர்கள். அடியில் ஓரளவு உயரம் விட்டுச் சீராக வெட்டினால் மீண்டும் தளிர்த்துக் காய்க்கும்.

12. வெள்ளம் வடிந்த வயலில் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கும். காலிற் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்பு மாத்திரை பெறுங்கள். காய்ச்சல், தசைநோவு தோன்றினால் வயலில் இறங்கியதைக் கூறி அன்றே வைத்தியரைக் காணுங்கள்.

13. சேதமுற்ற வயலை உழுது மாற்றுமுன் படம் எடுத்து வைத்து, கமநல சேவை நிலையத்திற்கு அறிவியுங்கள். பயிர் பற்றிய ஐயங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

முடிவுரை

புயலின் நடுவில் நின்று எதனை முதலிற் காப்பது என்று சிந்திக்க நேரம் இராது. ஆகவே அதனை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். முதலிற் காக்க வேண்டியது உயிர், அடுத்தது விதை, அதன்பின்னரே பயிர். நிற்கும் பயிர் ஒரு போகத்துக்குரியது. அது போனால் கடனும் கவலையும் மிஞ்சும் என்பது உண்மையே. ஆனால் விதைநெல்லும், உறுதியான வரம்பும், உழுவதற்கு மாடோ இயந்திரமோ உள்ள குடும்பம் அடுத்த மழைக்கு மீண்டும் வயலில் இறங்கும். விதையையும் இழந்த குடும்பம் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும். பரணில் ஏற்றிவைக்கும் இரண்டு மூடை விதைநெல் இந்த வேறுபாட்டை உண்டாக்கும்.

இப்போகம் விதைக்குமுன் உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் வடிகால் எங்கே அடைபட்டுள்ளது? நம் குளக்கட்டில் எங்கே கசிவு உள்ளது? நம் கிராமத்தின் விதைநெல் எந்த மேட்டில் உள்ளது? இம்மூன்றுக்கும் விடை கண்ட கிராமம், வரும் மாரியை ஆயத்தத்துடன் எதிர்கொள்ளும்.